இருந்தது இருந்தபடி

என் அண்ணனைத் தெருவில் யாரும் பெயர் சொல்லிக் கூப்பிடுவதில்லை. ‘வெளிச்சம்’ என்றுதான் கூப்பிடுவார்கள். யாரைப் பார்த்தாலும் ஒரு கண்ணை இடுக்கிக்கொண்டு, “கொஞ்சம் இருங்க, வெளிச்சம் வரட்டும்” என்று சொல்லிச் சொல்லியே சம்பாதித்த பட்டம் அது. பால் வாங்கப் போனாலும் கழுத்தில் கேமரா தொங்கும். குளிக்கும்போது மட்டும் கழற்றி வைப்பான் என்று அண்ணி சொல்வார். எனக்கு அதிலும் சந்தேகம்தான்.

இப்போது இந்த வட்டாரமே அவனைப் பற்றி உருகி உருகிப் பேசுகிறது. நானும் என் பங்குக்குப் பேசிவிடுகிறேன். கூடப் பிறந்தவள் பேசாமல் வேறு யார் பேசுவது?

பிழைப்புக்கு அவன் எடுப்பது வீட்டுப் படங்கள். வீட்டுத் தரகர் ஒருவரிடம் வேலை. வாடகைக்கு விடுகிற வீடு, விற்கிற வீடு எல்லாவற்றையும் போய்ப் படம் எடுத்துக்கொண்டு வர வேண்டும். சும்மா எடுத்தால் யார் வருவார்கள்? கட்டிலைச் சுவரோடு ஒட்டித் தள்ளுவான். நாற்காலிகளை வெளியே போடுவான். வாளி, துடைப்பம், வீட்டுக்காரரின் மாமியார் எல்லாவற்றையும் கதவுக்குப் பின்னால் நிறுத்துவான். மூலையில் முழங்காலிட்டு உட்கார்ந்து எடுத்தால் புறாக்கூடு மாதிரி இருக்கிற அறைகூடக் கல்யாண மண்டபம் மாதிரி தெரியும். ஈரம் பூத்த சுவராக இருந்தால் பையிலிருந்து ஒரு சிவப்புத் திரைச்சீலையை எடுத்து மாட்டிவிடுவான். எங்கள் வட்டாரத்தில் பாதி வீடுகள் படத்தில் அந்த ஒரே திரைச்சீலையோடுதான் இருக்கும். படத்தை நம்பிக் குடிவந்தவர்கள் அவனை வழியில் மடக்கி வாய்க்கு வந்தபடி ஏசுவார்கள். “நான் படம்தாங்க எடுத்தேன், வீட்டை நானா கட்டினேன்?” என்று கேட்டுவிட்டு நடையைக் கட்டுவான்.

அது வேலை. ஆசை வேறு. ஆசைக்கு எடுக்கிற படம் என்று வந்துவிட்டால் ஐயா சத்தியசந்தர். பொழுது விடிந்ததும் கிளம்பிவிடுவான். கால்வாய் ஓரமாகப் போய், சாக்கடைத் தண்ணீரில் நிற்கிற ஒற்றைக் கொக்கைப் பார்த்து, பஸ் டிப்போ பின்வாசல், மார்க்கெட்டின் பின்பக்கம், ஷட்டர் திறக்காத கடைகள் என்று ஒரு சுற்று. தெருவில் அநாதையாகக் கிடக்கிற ஒற்றைச் செருப்புகளை எடுப்பதில் அவனுக்கு அப்படி ஒரு மோகம். ஜோடியாகக் கிடந்தால் சீண்டக்கூட மாட்டான். “ஒத்தையாக் கிடந்தாத்தான் பாப்பா அதுக்கு ஒரு கதை இருக்கு” என்பான். எனக்கு நாற்பத்தைந்து வயதாகிறது. இன்னும் பாப்பாதான்.

ஒருமுறை ஒரு செருப்பு கவிழ்ந்து கிடந்தது. நான் காலால் நிமிர்த்திவிட்டேன். அதற்கு அவன் போட்ட கூச்சல் இருக்கிறதே! “தொட்டுட்டியா? போச்சு! இனி அது படமே இல்ல!” என்று நடுத்தெருவில் தலையில் அடித்துக்கொண்டான். வீடு வீடாகக் கட்டிலை நகர்த்துகிறவன் ஒரு பிய்ந்த செருப்புக்கு இந்த நியாயம் பேசினால் சிரிப்பு வராதா? சிரித்தேன். அன்று முழுக்க என்னோடு பேசவில்லை.

அந்த நியாயம் அவனுக்குக் கிளப்பில் கிடைத்தது. நூலகத்தின் மாடியில் ஞாயிற்றுக்கிழமை தோறும் கூடுகிற போட்டோ கிளப். தலைவர் ஒரு பல் டாக்டர். மற்றவர்கள் ரிட்டயரான பேங்க் மேனேஜர், கல்லூரி வாத்தியார், இப்படி. ஆளுக்கொரு தொப்பி போட்டுக்கொண்டு கூட்டமாகத் தெருத்தெருவாகப் போவார்கள். அவர்களுக்கு ஒரே ஒரு சட்டம்: எதையும் தொடக்கூடாது, நகர்த்தக்கூடாது, யாரையும் நிற்கச் சொல்லக்கூடாது. இருந்ததை இருந்தபடி எடுக்க வேண்டும். மீறினால் கிளப்பில் இடம் இல்லை.

அண்ணன் வருஷக்கணக்காக அந்தக் கிளப்பில் இருந்தான். என்னவாக இருந்தான் என்று கேட்காதீர்கள். பை தூக்கினான். ஏணி பிடித்தான். லென்ஸில் தூசி விழுந்தால் துடைத்துக் கொடுத்தான். “நம்ம வெளிச்சம் இருக்காரே, பார்த்துக்குவார்” என்று டாக்டர் முதுகில் தட்டுவார். படங்களைச் சுவரில் மாட்டுகிற அன்று ஆணி அடிப்பது அவன், மாட்டப்படுவது மற்றவர்கள் படம். ஒரு வார்த்தை குறையாகச் சொல்லியிருப்பானா? மூச்! எனக்குத்தான் பற்றிக்கொண்டு வரும். “உனக்கு வெட்கமா இல்லையா அண்ணா?” என்று கேட்டால், “கத்துக்கிறேன்ல” என்பான்.

என் கதைக்கு வருகிறேன். என் வீட்டுக்காரர் ஒருநாள் வேலைக்குப் போனவர் அப்படியே இன்னொரு குடும்பத்துக்குப் போய்விட்டார். கையில் பெண் குழந்தை. அப்போது தன் தோளில் தையல் மெஷினைத் தூக்கிக்கொண்டு வந்து, பேங்க் சுவர் ஓரமாக நடைபாதையில் இறக்கி, “இங்க உட்காரு, நான் பார்த்துக்கறேன்” என்று சொன்னவன் இதே அண்ணன்தான். வட்டார ஆபீசில் கால்கடுக்க நின்று எனக்கு லைசென்ஸ் வாங்கிக் கொடுத்ததும் அவன்தான். இல்லை என்று சொன்னால் என் நாக்கு அழுகிவிடும். அந்தச் சுவரோரத்தில் உட்கார்ந்துதான் என் மகளை நர்சிங் படிப்பு வரைக்கும் கொண்டுவந்தேன். ஜிப் மாற்ற, பேண்ட் உயரம் குறைக்க, இடுப்பு பிடிக்க, கிழிந்த பள்ளிக்கூடப் பை தைக்க என்று பேங்குக்கு வருகிறவர்கள் எல்லாரும் என்னிடம் கொடுத்துவிட்டுத்தான் உள்ளே போவார்கள். வெளியே வரும்போது துணி தயாராக இருக்கும். அந்த இடம்தான் என் தொழில். மெஷின் யாரிடம்தான் இல்லை?

நடைபாதைக்காரர்கள் எல்லாருக்கும் வட்டார ஆபீஸ் ஒரு எல்லை வைத்திருக்கிறது. சுவரிலிருந்து கொஞ்ச தூரத்தில் ஒரு வெள்ளைக் கோடு. கோட்டுக்கு உள்ளே நீ, வெளியே நடக்கிறவர்கள். தாண்டியது தெரிந்தால் லைசென்ஸ் போச்சு, பேச்சே கிடையாது. சக்கர நாற்காலியில் வந்த ஒரு பெரியவர் யாருடைய கூடையிலோ முட்டி விழுந்த பிறகு வந்த சட்டம். நியாயமான சட்டம்தான். நான் அந்தக் கோட்டை என் வீட்டு வாசற்படி மாதிரி வைத்துக்கொண்டிருந்தேன். பக்கத்தில் சாவி போடுகிறவர் ஸ்டூலைக் கொஞ்சம் தள்ளிப் போட்டால்கூட, “கால உள்ள இழுங்கண்ணே, உங்க கால் உங்களோட போகட்டும், என் இடத்துக்கு வேட்டு வச்சிடாதீங்க” என்பேன்.

அப்படி இருந்தவளை நகர்த்தியது யார் தெரியுமா? செருப்பை நிமிர்த்தியதற்குக் கூச்சல் போட்டவன்.

வட்டார ஆபீஸ் ஒரு போட்டி வைத்திருந்தது. வட்டாரத்து வாழ்க்கையைப் படம் எடுக்க வேண்டும். ஜெயிக்கிற படத்தைப் பெரிதாக்கி ஆபீசிலேயே மாட்டுவார்கள். அண்ணன் ஒரு மாதம் அலைந்தான். கொக்கு சரியில்லை, செருப்பு சரியில்லை. கடைசி நாள் காலை நான் மெஷினைத் திறந்து எண்ணெய் விட்டுக்கொண்டிருந்தேன். பேங்க் இன்னும் திறக்கவில்லை. சாவிக்காரரும் வரவில்லை. அண்ணன் எதிர்ப்பக்கத்திலிருந்து என்னையே பார்த்துக்கொண்டு நின்றான். பிறகு ஓடிவந்தான்.

“பாப்பா, மெஷினைக் கொஞ்சம் முன்னாடி இழு. சுவர் நிழல்ல உன் மூஞ்சியே தெரியல.”

“கோடு இருக்கு அண்ணா.”

“ரெண்டு நிமிஷம்தான். இந்த நேரத்துல யார் பார்க்கப்போறா? நான் இருக்கேன்ல!”

அவனே இழுத்தான். மெஷினும் நானும் கோட்டைத் தாண்டி வெயிலுக்கு வந்தோம். திரும்பப் போய்ப் பார்த்தான். திரும்ப ஓடிவந்தான். மெஷினில் இருந்த பள்ளிக்கூடப் பேண்டை எடுத்து ஓரமாகப் போட்டுவிட்டு, தோள்பையிலிருந்து அந்தச் சிவப்புத் திரைச்சீலையை உருவினான். ஊசிக்குக் கீழே அதன் ஒரு முனையை வைத்து, மறுமுனையைக் கோட்டுக்கு மேலாக நடைபாதையில் நீளமாக விரித்தான்.

“இது என்ன கூத்து?” என்றேன்.

“தைக்கிற மாதிரி குனி. என்னைப் பார்க்காதே.”

குனிந்தேன். எடுத்தான். மெஷினை இருந்த இடத்துக்குத் தள்ளிவிட்டு, திரைச்சீலையைச் சுருட்டிப் பையில் போட்டுக்கொண்டு விசில் அடித்தபடி போனான். எனக்கும் அதோடு மறந்துவிட்டது.

படம் ஜெயித்தது. எப்படி ஜெயிக்காது? பார்த்தால் எனக்கே கண் கலங்கியது. கறுப்புத் தரை, வெள்ளைக் கோடு, அதை அறுத்துக்கொண்டு வழிந்து வருகிற சிவப்புத் துணி, அதன் மேல் கவிழ்ந்திருக்கிற நான். நான் இவ்வளவு அழகு என்று எனக்கு யாரும் சொன்னதில்லை. செய்தித்தாளில் அண்ணனின் பேட்டி வந்தது. என் மகள் சத்தமாகப் படித்தாள். “நான் எதையும் தொடுவதில்லை. வாழ்க்கை எப்படி இருக்கிறதோ அப்படியே எடுத்துக்கொள்கிறேன்” என்று போட்டிருந்தது. “மாமா சும்மா அள்ளி விட்டிருக்காரு” என்று அவள் சிரித்தாள். நானும் சிரித்தேன். கிளப்பில் அவனை நாற்காலி போட்டு முன்வரிசையில் உட்கார வைத்தார்களாம். டாக்டர் எழுந்து பேசினாராம். அன்றைக்குப் படத்துக்கு ஆணி அடித்தது பேங்க் மேனேஜராம். அண்ணிக்குத் தலைகால் புரியவில்லை. எனக்கும் சந்தோஷம்தான், பொய் சொல்வானேன்.

பிரச்சினையைக் கொண்டுவந்தது பழக்காரம்மா. மார்க்கெட் முனையில் கூடை வைத்திருந்தவர். கோட்டைத் தாண்டினார் என்று அவருடைய லைசென்ஸை ரத்து செய்துவிட்டார்கள். அழுது புலம்பிக்கொண்டு ஆபீசுக்குப் போனவர் சுவரைப் பார்த்திருக்கிறார்.

“என் கூடை தாண்டுச்சுன்னு என்னைத் தூக்கிட்டீங்க. இதோ உங்க தலைக்கு மேலயே ஒருத்தி கோட்டுக்கு வெளிய ஜம்முனு உட்கார்ந்திருக்காளே, அவளுக்கு மட்டும் என்ன பரிசா?” என்று கேட்டாராம்.

அவரை நான் குறை சொல்லமாட்டேன். வயிறு எரிந்தவர் கேட்கிற கேள்விதான். மறுநாள் என்னைக் கூப்பிட்டுவிட்டார்கள்.

அங்கே லைசென்ஸ் பார்க்கிற அதிகாரி அம்மா கெட்டவர் இல்லை. கண்டிப்பானவர், அவ்வளவுதான். நான் நடந்ததைச் சொன்னேன். அண்ணன் இழுத்தான், அண்ணன் விரித்தான், என்னுடைய துணியே இல்லை அது என்று மூச்சு விடாமல் சொன்னேன். பொறுமையாகக் கேட்டார்.

“மாட்டிக்கிட்டவங்க எல்லாரும் ஏதாவது ஒரு காரணம் சொல்றாங்கம்மா. நான் எதை நம்பறது?” என்றார். பிறகு கொஞ்சம் இறங்கி வந்தார். “சரி, படம் எடுத்தவர் உங்க அண்ணன்தானே? அவரை நேர்ல வந்து ஒரு வார்த்தை சொல்லச் சொல்லுங்க. படத்துக்காக அவர்தான் நகர்த்தினார்னு சொன்னாப் போதும். பழக்காரம்மாவுக்கு நான் பதில் சொல்லிக்கறேன். உங்க இடம் உங்களுக்கு.”

அப்பாடா என்று இருந்தது. ஒரு வார்த்தை! இதற்கா ராத்திரியெல்லாம் தூங்காமல் கிடந்தோம் என்று நேரே அண்ணன் வீட்டுக்குப் போனேன்.

“இதுக்கென்ன பாப்பா, வந்து சொல்லிட்டாப் போச்சு” என்றான். உடனே சொன்னான். ஆனால் கேமராவைத் துடைத்துக்கொண்டிருந்த கை நின்றுவிட்டது. அண்ணி என் முகத்தைப் பார்க்காமல் டம்ளரை எடுத்துக்கொண்டு உள்ளே போனார்.

கிளம்பும்போது வாசல் வரை வந்தார். “அவர் சொன்னா கிளப்புல தூக்கிடுவாங்க இல்ல?” என்றார் மெதுவாக.

“கிளப்புதானே அண்ணி, சோறா போடுது?”

“சோறு போடலதான்” என்றார்.

ஆபீசுக்குப் போன அன்று அண்ணன் இஸ்திரி போட்ட சட்டை போட்டிருந்தான். கழுத்தில் கேமரா இல்லை. அவனை அப்படிப் பார்க்க யாரோ மாதிரி இருந்தது. படி ஏறும்போது, “பயப்படாதே பாப்பா” என்று என் முதுகைத் தொட்டான். பயம் எனக்கு இல்லவே இல்லை. அண்ணன் கூட வரும்போது என்ன பயம்?

உள்ளே நுழைந்ததும் அதிகாரி அம்மா எழுந்து நின்றார். என்னைப் பார்த்து இல்லை.

“நீங்கதானா அவர்! தினம் உங்க படத்தைப் பார்த்துட்டுத்தான் சார் வேலையை ஆரம்பிக்கிறேன். உட்காருங்க, உட்காருங்க.”

சார்! என் அண்ணனை வாழ்நாளில் யாரும் சார் என்று கூப்பிட்டு நான் கேட்டதில்லை. பக்கத்து மேசைகளிலிருந்து ஆட்கள் வந்துவிட்டார்கள். ஒருவர் டீ சொன்னார். ஒரு பெண் தன் போனை நீட்டி, “சார், ஒரே ஒரு செல்ஃபி” என்றாள். “பேப்பர்ல படிச்சோம், எதையும் தொடவே மாட்டீங்களாமே” என்று இன்னொருவர் ஆச்சரியப்பட்டார். அண்ணனுக்கு நாற்காலி போட்டார்கள். எனக்குப் போடவில்லை, நான் நின்றேன். அவனுக்குப் பின்னால் சுவர் முழுக்க அந்தப் படம். அவன் முகம் மெல்ல மெல்ல மலர்ந்ததை நான் பார்த்துக்கொண்டே இருந்தேன்.

கூட்டம் கலையவில்லை. அதிகாரி அம்மா அதற்கு நடுவிலேயே கேட்டார். “ஒரு சின்ன விஷயம் சார். உங்க தங்கச்சி சொல்றாங்க, மெஷினை நீங்கதான் கோட்டுக்கு வெளிய இழுத்து வச்சீங்கன்னு. அந்தத் துணியும் நீங்க போட்டதாம். அப்படியா?”

எல்லாரும் அவனைப் பார்த்தார்கள். அவன் திரும்பிப் படத்தைப் பார்த்தான். நல்லா நேரம் எடுத்துக்கொண்டு பார்த்தான்.

“நான் எதையும் நகர்த்தறதில்ல மேடம்” என்றான். “இருந்தது இருந்தபடி எடுத்தேன்.”

என் காதை நான் நம்பவில்லை. “அண்ணா” என்றேன். அவன் என் பக்கம் திரும்பவில்லை.

“ஆனா என் தங்கச்சி பாவம் மேடம். தனி ஆளா கஷ்டப்பட்டு முன்னுக்கு வந்தவ. நீங்கதான் பெரிய மனசு பண்ணி ஏதாவது பார்த்துச் செய்யணும்” என்று கை கூப்பினான்.

அடப்பாவி! பெரிய மனசு யாருக்கு வேண்டும்? ஒரு வார்த்தை உண்மையைக் கேட்டால் ஒரு கூடை இரக்கத்தை வாங்கிக் கொடுக்கப் பார்த்தான். அதுவும் என் பெயரில்.

அந்த அம்மா என்னைப் பார்த்தார். முன்னே பார்த்த பார்வை இல்லை அது. “கூடப் பிறந்தவர் மேலயே பழியைப் போடறீங்களேம்மா” என்றார். எதைச் சொன்னாலும் இனி நான் பொய்க்காரிதான். “ரூல்ல இரக்கத்துக்கு இடம் இல்ல சார், மன்னிச்சிடுங்க” என்று அண்ணனிடம் சொல்லிவிட்டுக் கையெழுத்துப் போட்டார். டீ வந்தது. அண்ணன் குடிக்கவில்லை, அதையாவது சொல்ல வேண்டும்.

அந்த வாரமே இடத்தைக் காலி செய்தேன். சாவிக்காரர் ஒருபக்கம், நான் ஒருபக்கம் பிடித்து மெஷினை வண்டியில் ஏற்றினோம். பேங்குக்கு வந்த ஒருவர், “என்னம்மா, லீவா?” என்று கேட்டுவிட்டுப் போனார். இப்போது நான் ஒரு சலவைக் கடையின் பின்னறையில் தைக்கிறேன். ஜன்னல் கிடையாது. நாள் முழுக்க ஆவி. வாடிக்கையாளர் யார் முகமும் தெரியாது. துணியில் குத்தியிருக்கிற சீட்டைப் பார்த்து உயரம் குறைக்க வேண்டியதுதான். யாருடைய பேண்ட், எதற்கு அவசரம், வீட்டில் என்ன விசேஷம் என்று எதுவும் தெரியாமல் தைப்பது எவ்வளவு அலுப்பு என்று எனக்கு இப்போதுதான் தெரிகிறது.

அண்ணன் அங்கே வந்தான். மூட்டை மேல் உட்கார்ந்தான். தாடி வளர்ந்திருந்தது.

“ஏன் அண்ணா?” என்றேன். திட்ட வேண்டும் என்று எவ்வளவோ சேர்த்து வைத்திருந்தேன். வந்தது இது ஒன்றுதான்.

“அந்தம்மா எழுந்து நின்னாங்க பாப்பா” என்றான். “என்னைப் பார்த்து யாரும் எழுந்து நின்னதே இல்ல. உட்காரட்டும், அப்புறம் சொல்லலாம்னு நினைச்சேன். அதுக்குள்ள எல்லாரும் வந்துட்டாங்க.”

புரிந்தது. புரியாமல் என்ன? அவன் பை தூக்கினதை நான் பார்த்தவள்தானே. புரிந்ததால் கோபம் குறையும் என்கிறார்களே, அதெல்லாம் சுத்தப் பேத்தல். எனக்கு இன்னும் கூடத்தான் செய்தது. அவன் அழுதான். அழட்டும் என்று தைத்துக்கொண்டே இருந்தேன்.

“நாளைக்கே போய்ச் சொல்லிடறேன். கிளப்பு கிடக்கு. எல்லாத்தையும் சொல்லிடறேன்” என்றான்.

“சொல்லிட்டு வா. அதுக்கப்புறம் என்கிட்ட பேசு” என்றேன்.

சத்தியமாகப் போனான். தனியாக விட்டால், போகிற மாதிரிப் போய்க் கால்வாய் ஓரம் உட்கார்ந்துவிட்டு வந்துவிடுவானோ என்று எனக்குச் சந்தேகம். சாவிக்காரரைக் கூட அனுப்பினேன். அவர்தான் வந்து எல்லாவற்றையும் சொன்னார். அண்ணன் அந்தச் சிவப்புத் திரைச்சீலையையும் கையோடு எடுத்துக்கொண்டு போயிருக்கிறான். அதிகாரி அம்மா மேசை மேல் விரித்து, “இதோ மேடம், இது என்னோடது. மெஷினை இழுத்தது நான். அன்னிக்கு உங்க முன்னாடி பொய் சொன்னேன்” என்று ஒரு வார்த்தை விடாமல் சொன்னானாம். குரல் நடுங்கியதாம்.

அந்த அம்மா துணியைத் தொட்டுப் பார்த்தாராம். கண்ணாடியைக் கழற்றிக் கண்ணைத் துடைத்துக்கொண்டாராம்.

“தங்கச்சிக்காகக் கடை கடையா ஏறி இறங்கி இதே மாதிரி துணியைத் தேடிப் பிடிச்சிருக்கீங்க. உங்க பெயர் கெட்டாலும் பரவாயில்லைன்னு வந்து நிக்கிறீங்க. இந்தக் காலத்துல யார் சார் செய்வா இதை?” என்றாராம். “ஆனா பொய் சொல்ல உங்களுக்கு வரல சார். குரல் நடுங்குதே. அன்னிக்கு நீங்க சொன்னப்போ எவ்வளவு தெளிவா இருந்தீங்க!”

அண்ணன் மறுபடி மறுபடி சொல்லியிருக்கிறான். சாவிக்காரரும், “ஆமாங்க, இவர் வீட்டுப் படத்துக்குப் போடற திரைதான் இது” என்று எடுத்துச் சொல்லியிருக்கிறார். “நீங்களும் நல்ல நண்பர்” என்று அவருக்கும் ஒரு பாராட்டு கிடைத்தது. அதோடு விட்டார்களா? அந்த அம்மா இதை ஆபீஸ் கூட்டத்தில் சொல்லி, யாரோ டாக்டரிடம் சொல்லி, டாக்டர் கிளப்பில் மைக் பிடித்து, ‘கலைஞனின் நேர்மையும் அண்ணனின் பாசமும்’ என்று அரைமணி நேரம் பேசியிருக்கிறார். அடுத்த வருஷத்துக்கு அவனைத் துணைத் தலைவர் ஆக்கிவிட்டார்கள். அவன் அங்கேயும் எழுந்து, “நான் நகர்த்தினேன்” என்றானாம். கைதட்டினார்களாம்.

இப்போது காலையில் அவன் கேமரா இல்லாமல் சுற்றுகிறான் என்று அண்ணி சொல்கிறார். கொக்கு நின்றால் நிற்கிறதாம், செருப்பு கிடந்தால் கிடக்கிறதாம். எனக்குப் பரிதாபம் வரவில்லை. வரும்போது பார்த்துக்கொள்ளலாம். பேங்க் சுவரோரத்தில் இப்போது யாரோ போன் கவர் விற்கிறார்கள்.

நேற்று சலவைக் கடை முதலாளியம்மா பின்னறைக்கு வந்தார். வழக்கமாக வருகிறவர் இல்லை. ஸ்டூலை இழுத்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தார்.

“கேள்விப்பட்டேன்மா. உனக்காக அந்த மனுஷன் ஆபீஸ்ல போய் எப்படிக் கெஞ்சியிருக்கார்! தப்பு உன்னோடதா இருந்தாலும் தன் மேல போட்டுக்கிட்டாரே. எனக்கும் ஒருத்தன் இருக்கான், போன் பண்ணாக்கூட எடுக்கமாட்டான். உனக்கு வாய்ச்ச மாதிரி ஒரு அண்ணன் எனக்கு வாய்க்கலையே!”

என் வாயில் குண்டூசிகள் இருந்தன. ஒவ்வொன்றாக எடுத்துத் துணியில் குத்தினேன்.

“வேணும்னா நீங்களே வச்சுக்கோங்கக்கா” என்றேன்.

முதலாளியம்மா விழுந்து விழுந்து சிரித்தார். “பொல்லாத வாய் உனக்கு” என்று என் தோளில் ஒரு தட்டு தட்டிவிட்டு, சாயங்காலத்துக்குள் முடிக்க வேண்டிய பேண்டுகளை மேசை மேல் வைத்துவிட்டுப் போனார்.